ஏன் மிதிக்கணும்? அந்தக் காசை நேரா கொடுத்துடலாமே!

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நண்பன் கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

நாங்க ஆறு பேர் ஜனவரியில சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்கு சைக்கிள்ல போறோம். முதல் நாள் பாண்டிச்சேரி, சுமார் 150 கிலோமீட்டர். ரெண்டாவது நாள் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியா தரங்கம்பாடி, சுமார் 120. ஆறு பேருமே வீட்டுல யாரையாவது கேன்சர்ல இழந்தவங்க. திரட்டுற பணம் ஒரு ஆஸ்பத்திரியோட ஏழை நோயாளிகள் நிதிக்குப் போகுது. இதைச் சொல்லி நண்பன்கிட்ட காசு கேட்டேன். அவன் போனை எடுத்து உடனே அனுப்பிட்டான். அனுப்பிட்டுக் கேட்டான்: "மச்சி, தப்பா நினைக்காத. நாலு மாசம் பயிற்சி, சைக்கிள் செலவு, ரூம் செலவு. இதெல்லாம் எதுக்கு? அந்தக் காசை நேரா ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டு வீட்டுல தூங்கலாமே?"

எங்கிட்ட பதில் இல்ல. நியாயமான கேள்வி. அதனால எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செஞ்சேன்: வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன். இன்னிக்கு எபிசோட் அதுதான்.

கீழ கால் வைக்காத மனுஷன்

முதல்ல நம்ம ஊர். உங்க அப்பாவையோ தாத்தாவையோ கேட்டுப் பாருங்க, "தொடர் சைக்கிள் ஓட்டுற நிகழ்ச்சி" பாத்திருக்காங்களான்னு. ஊர் மைதானத்துல நடுவுல ஒரு கம்பம் நட்டு, ட்யூப்லைட் கட்டி, ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு போட்டுடுவாங்க. ஒருத்தர் அந்தக் கம்பத்தைச் சுத்தி நாள்கணக்கா சைக்கிள் ஓட்டுவார். கால் கீழ படக்கூடாது. சாப்பாடு, குளியல், சட்டை மாத்துறது எல்லாம் சைக்கிள் மேலதான். ராத்திரி அவர் தூங்காம இருக்காரான்னு பாக்கவே பசங்க போவாங்களாம். கடைசி நாள் ஊர்ல இருக்கறவங்க ரூபாய் நோட்டை அவர் சட்டையில பின் போட்டுக் குத்துவாங்க.

அது தர்ம காரியம் இல்ல, அவரோட பிழைப்பு. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த மனுஷன் வீடு வீடா வந்து கேட்டிருந்தா அந்தப் பணம் வந்திருக்காது. ஒரு உடம்பு தாங்குறதை ஊரே உக்காந்து பாத்துச்சு. பாத்தவங்களால சும்மா எழுந்து போக முடியல.

1980

இப்ப அமெரிக்கா, மாசசூசெட்ஸ் மாநிலம். பில்லி ஸ்டார்னு ஒரு இளைஞர். அவரோட அம்மா பெட்டி 1974ல மெலனோமாங்கற தோல் புற்றுநோயில இறந்துட்டாங்க. வயசு 49தான்.

ஆறு வருஷம் கழிச்சு, 1980ல, ஸ்டார் தனக்குத் தெரிஞ்சவங்களைச் சேர்த்து மொத்தம் 36 பேரோட ஸ்பிரிங்ஃபீல்டுல இருந்து கடலோரத்துல இருக்கற பிராவின்ஸ்டவுன் வரைக்கும் ரெண்டு நாள் சைக்கிள் பயணம் போனார். ஏறக்குறைய 220 மைல், அதாவது 350 கிலோமீட்டர். பாஸ்டன்ல இருக்கற டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக அவங்க திரட்டினது 10,200 டாலர். அந்தப் பயணத்துக்கு பேன்-மாஸ் சேலஞ்ச்னு பேர்.

அது இன்னும் நடக்குது, ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் ஆரம்பத்துல. 2024ல மட்டும் அவங்க கொடுத்தது 7.5 கோடி டாலர். தொடங்கினதுல இருந்து கூட்டிப் பாத்தா 100 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. 6,000 பேருக்கு மேல ஓட்டறாங்க, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தண்ணி கொடுக்கறாங்க, பஞ்சர் ஒட்டறாங்க, சாப்பாடு போடறாங்க.

அதே 1980ல கனடாவுல இன்னொருத்தர். டெர்ரி ஃபாக்ஸ். 18 வயசுல எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேல எடுத்தாங்க. சிகிச்சையில இருந்தப்ப கூட இருந்த நோயாளிகள் பட்ட வேதனையை அவரால மறக்க முடியல. செயற்கைக் காலோட கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கறதுன்னு முடிவு பண்ணார். ஏப்ரல் 12 அன்னிக்கு ஆரம்பிச்சு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவினதால செப்டம்பர் 1ல நிறுத்த வேண்டியதாச்சு. அடுத்த வருஷம் இறந்துட்டார், 22 வயசு.

இந்த ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கும் மேல பயிற்சி எடுத்தார், அதுலயே 5,000 கிலோமீட்டருக்கு மேல ஓடியிருந்தார். கேமரா இல்ல, கூட்டம் இல்ல, யாரும் காசு கொடுக்கல. உலகம் பாத்த ஓட்டமும் உலகம் பாக்காத ஓட்டமும் கிட்டத்தட்ட ஒரே நீளம்.

அந்தப் பணம் போய்ச் சேருற இடம்

டானா-ஃபார்பர்ல "ஃபார்பர்" யாருன்னு தேடப் போய்த்தான் நான் எதிர்பார்க்காத ஒரு இடத்துக்கு வந்தேன். நம்ம திருவல்லிக்கேணிக்கு.

சிட்னி ஃபார்பர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில நோய்க்குறியியல் மருத்துவர். 1947ல ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின்னு ஒரு மருந்தைக் கொடுத்துப் பாத்தார். அதுக்கு முன்னாடி அந்த நோய்க்குச் சிகிச்சைன்னு எதுவுமே இல்ல, சில வாரம், சில மாசத்துல முடிஞ்சுடும். 16 குழந்தைகள்ல 10 பேருக்கு நோய் பின்வாங்குச்சு. தற்காலிகமாத்தான். ஆனா ரத்தப் புற்றுநோயை மருந்தால பின்னால தள்ள முடியும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்பதான். 1948 ஜூன்ல ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு.

அமினோப்டெரினைச் செஞ்சு கொடுத்த லெடர்லே ஆய்வுக்கூடத்தோட ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்துல 1895ல பிறந்தவர். அப்ப அது மெட்ராஸ் மாகாணம். படிச்சது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. கதர் கட்டிக்கிட்டு வந்தது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காம, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காம ஒரு படி கீழ உள்ள எல்.எம்.எஸ். தான் கிடைச்சுது.

அவரோட சகோதரர்கள் ரெண்டு பேர், சில நாள் இடைவெளியில, ஸ்ப்ரூங்கற குடல் நோயில இறந்துட்டாங்க. சாப்பிடற சத்து எதுவும் உடம்புல ஒட்டாத நோய். சுப்பாராவ் 1922ல பாஸ்டன் போய், ராத்திரி ஆஸ்பத்திரியில கடைநிலை ஊழியர் வேலை பாத்துக்கிட்டே படிச்சார். பிற்பாடு லெடர்லேயில அவரோட குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாத் தயாரிச்சுது. அந்த ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோய்க்கு மருந்தாச்சு. தம்பியும் அண்ணனும் போய்ச் சேர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல ஆயிடுச்சு. ஆனா மருந்து வந்துடுச்சு.

அந்த ஃபோலிக் அமிலத்தோட வேலையைத் தடுக்கற மாதிரி செஞ்ச மருந்துதான் அமினோப்டெரின். அதோட நெருங்கிய உறவுக்கார மருந்து மெத்தோட்ரெக்ஸேட் இன்னிக்கும் பயன்பாட்டுல இருக்கு. சுப்பாராவ் 1948 ஆகஸ்ட்ல, 53 வயசுல இறந்துட்டார்.

இதைப் படிச்சுட்டு நான் அத்தையோட பழைய ஃபைலை எடுத்துப் பாத்தேன். எங்க அப்பாவோட அக்கா. பொறையார்ல ஸ்கூல் டீச்சர். ஹேண்டில்பார்ல டிபன் கேரியரை மாட்டிக்கிட்டு லேடீஸ் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போவாங்க, மழை, வெயில் எதுவானாலும். 2017ல மார்பகப் புற்றுநோயில இறந்துட்டாங்க. ஃபைல்ல மூணாவது பக்கத்துல, மருந்துச் சீட்டுல அந்தப் பேர் இருந்துச்சு: மெத்தோட்ரெக்ஸேட். கீழ அத்தையோட கையெழுத்து. நான் பென்சிலால அடிக்கோடு போட்டுட்டு ஃபைலை மூடிட்டேன்.

"ஜிம்மி"

டானா-ஃபார்பர் கதையில நிதி திரட்டற பாடமும் ஒண்ணு இருக்கு. 1948 மே 22, ஒரு ரேடியோ நிகழ்ச்சி. பாஸ்டன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கற 12 வயசுப் பையன்கிட்ட நிகழ்ச்சி நடத்துறவர் பேசறார். பையனோட நிஜப் பேரைச் சொல்லாம "ஜிம்மி"ன்னு கூப்பிடறார். அவனுக்குப் பிடிச்ச பேஸ்பால் டீம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருத்தரா அவன் ரூமுக்குள்ள வர்றாங்க. ஜிம்மி மேட்ச் பாக்க ஒரு டி.வி. வேணும், 20,000 டாலர் சேர்ந்தா டி.வி. உண்டுன்னு சொல்றாங்க. வந்த பணம் 2 லட்சம் டாலருக்கு மேல. இன்னிக்கும் அந்த நிதிக்கு "ஜிம்மி ஃபண்ட்"னுதான் பேர். பில்லி ஸ்டாரோட சைக்கிள் பணமும் அது வழியாத்தான் போகுது.

பையன் இறந்திருப்பான்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 1998ல, அம்பது வருஷம் கழிச்சு, ஐனார் குஸ்டாஃப்சன்னு மெய்ன் மாநிலத்து லாரி டிரைவர் ஒருத்தர்தான் அந்த ஜிம்மின்னு வெளிய தெரிஞ்சுது. தாத்தாவாகி சௌக்கியமா இருந்தார். 2001 வரைக்கும் வாழ்ந்தார்.

கணக்கு கேட்ட கதை

இப்ப நண்பனோட கேள்விக்கு வரேன். "செலவு எதுக்கு?" இந்தக் கேள்வி ஒரு பெரிய நிறுவனத்தையே சாய்ச்சிருக்கு.

1994ல டான் பல்லோட்டாங்கறவர் கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைடுன்னு ஒண்ணு தொடங்கினார். சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து லாஸ் ஏஞ்சலஸ், ஏழு நாள். முதல் வருஷம் 478 பேர். அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 25 வயசுல இருந்து 44 வயசு வரைக்குமான அமெரிக்கர்கள் சாகறதுக்கு முதல் காரணமா எய்ட்ஸ் இருந்த வருஷங்கள் அவை. பயனுள்ள கூட்டு மருந்துகள் 1996ல தான் வந்துச்சு. மகன் எதுல செத்தான்னு பக்கத்து வீட்டுல சொல்ல முடியாத குடும்பங்கள் நிறைய. அந்தச் சூழ்நிலையில, செத்துப்போன தன் காதலன் படத்தை முதுகுல குத்திக்கிட்டு நெடுஞ்சாலையில பட்டப்பகல்ல சைக்கிள் ஓட்டறதுன்னா, பணத்தைத் தாண்டி அதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. வீட்டுக்குள்ள அடைச்சு வெச்ச துக்கம் ரோட்டுக்கு வந்துச்சு.

பணமும் கோடிக்கணக்குல வந்துச்சு. கூடவே கேள்வியும் வந்துச்சு. கூடாரம், சாப்பாடு, விளம்பரம், சம்பளம்னு திரட்டினதுல பெரிய பங்கு செலவாகுதுன்னு பத்திரிகைகள் எழுதின. கூட்டாளி நிறுவனங்கள் விலகின. 2002 ஆகஸ்ட்ல பல்லோட்டாவோட நிறுவனம் மூடிடுச்சு. சுமார் 350 பேருக்கு வேலை போச்சு. 2013ல அவர் ஒரு டெட் உரையில தன் பக்கத்தைச் சொன்னார்: கம்பெனிகள் வளர விளம்பரத்துக்கும் திறமைக்கும் செலவு பண்ணலாம், தர்ம காரியத்துக்கு மட்டும் ஏன் அது பாவம்? செலவு விகிதத்தைக் கேக்காதீங்க, எவ்வளவு பெருசா சாதிச்சாங்கன்னு கேளுங்க.

எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது. ஆனா நாங்க ஆறு பேர் என்ன பண்றதுன்னு முடிவு எடுக்கும்போது பில்லி ஸ்டார் பக்கம்தான் சாஞ்சோம். பேன்-மாஸ் சேலஞ்ச்ல 2007ல இருந்து ஓட்டறவங்க திரட்டுற ஒவ்வொரு டாலரும் முழுசா மையத்துக்குப் போகுது. நடத்துற செலவைப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் பாத்துக்கறாங்க. நாங்களும் அப்படியே: சைக்கிள், ரூம், சாப்பாடு எங்க கைக்காசு. நன்கொடைக்குத் தனிக் கணக்கு, யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு ஷீட்.

எய்ட்ஸ் ரைடு அதோட முடியல. 2002லயே சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் அமைப்புகள் ரெண்டு சேர்ந்து எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்ங்கற பேர்ல 545 மைல் பயணத்தை நடத்த ஆரம்பிச்சாங்க. ஹெச்.ஐ.வி.யோட வாழறவங்களே "பாசிட்டிவ் பெடலர்ஸ்"னு குழுவா ஓட்டினாங்க. கடைசி ராத்திரி வென்ச்சுரா கடற்கரையில மெழுகுவத்தியோட மௌனமா நிப்பாங்க. செலவு ஏறி, ஓட்டறவங்க குறைஞ்சு, 2025 ஜூன்ல அது கடைசியா நடந்து முடிஞ்சுது. இந்த மாதிரிப் பயணங்களுக்கும் ஆயுள் உண்டு.

புதுக்கோட்டைக்காரம்மா

நம்ம ஊர்ல துக்கம் ஆஸ்பத்திரியா மாறின கதை இருக்கு. முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில 1886ல பிறந்தவங்க, 1912ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினவங்க. அவங்களோட தங்கை மலக்குடல் புற்றுநோயில இறந்துட்டாங்க. தானே டாக்டரா இருந்தும் தங்கையைக் காப்பாத்த முடியல. அதுக்கப்புறம் பல வருஷம் கேட்டுக் கேட்டு, நிதி திரட்டி, 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்துச்சு. 12 படுக்கை. முதல் மருத்துவர் அவங்க மகன் கிருஷ்ணமூர்த்தி, அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா சேர்ந்தாங்க.

தங்கை இறந்ததுக்கும் ஆஸ்பத்திரி வந்ததுக்கும் நடுவுல சுமார் 30 வருஷம். அவங்க எடுத்த பயிற்சி அதுதான்னு எனக்குத் தோணுது.

சரி, தயாராவது எப்படி?

உடம்பு விஷயத்துக்கு வருவோம். நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

முதல் விதி, மெதுவா ஏத்தறது. வாரத்துக்கு வாரம் சுமார் பத்து சதவீதத்துக்கு மேல தூரத்தைக் கூட்டாதீங்க. வாரநாள்ல ரெண்டு சின்ன ரைடு, ஞாயித்துக்கிழமை ஒரு நீளமான ரைடு. மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் குறைக்கணும். தசை வளர்றது ஓய்வுலதான்.

ரெண்டாவது, சீட்டு உயரம். பெடல் கீழ இருக்கும்போது முழங்கால் லேசா மடங்கியிருக்கணும். தாழ்வா வெச்சா முட்டி வலிக்கும், ரொம்ப உயரமா வெச்சா இடுப்பு ஆடும். கனமான கியர்ல அழுத்தி மிதிக்காம, லேசான கியர்ல வேகமாச் சுத்துங்க. நிமிஷத்துக்கு 80, 90 சுத்து இருந்தா நல்லது.

மூணாவது சாப்பாடு. இதை நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன். திருவான்மியூர்ல இருந்து மகாபலிபுரம் போய்த் திரும்பற முதல் ரைடு. காலையில வெறும் காபி. திரும்பும்போது கோவளம் கிட்ட கை நடுங்குது, கண் இருட்டுது, காரணமே இல்லாம அழுகை வருது. ஒரு பெட்டிக்கடை வாசல்ல உக்காந்துட்டேன். உடம்பு கிளைகோஜனா சேத்து வெச்சிருக்கற சர்க்கரை, நல்லா மிதிச்சா ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதுக்கப்புறம் டேங்க் காலி. கடைக்கார அக்கா கடலை மிட்டாயும் மோரும் கொடுத்து, "பசி வர்றதுக்கு முன்னாடி சாப்பிடணும் தம்பி"ன்னாங்க. எந்த ஸ்போர்ட்ஸ் டாக்டர் சொல்றதும் அதுதான். இப்ப ஒவ்வொரு அரை மணிக்கும் ஏதாவது வாயில போட்டுக்கறேன்: வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய். வெறும் தண்ணி மட்டும் குடிக்காதீங்க. நம்ம வெயில்ல வேர்வையோட உப்பும் போகும், ஓ.ஆர்.எஸ். கலந்துக்கங்க.

நாலாவது, ஆளுக்கு ரெண்டு ஸ்பேர் ட்யூப், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தெரிஞ்ச கை. விடியறதுக்கு முன்னாடி கிளம்பறதால முன்னாடியும் பின்னாடியும் லைட், தலையில ஹெல்மெட். இதுல பேச்சே இல்ல.

அப்ப, ஏன் மிதிக்கணும்?

ஒரு ஆய்வு இருக்கு. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர்னு ரெண்டு பேர் 2013ல வெளியிட்டது. ஒரே நல்ல காரியம், ஒரு பக்கம் பிக்னிக் நடத்தி நிதி, இன்னொரு பக்கம் கஷ்டப்பட்டு ஓடி நிதி. கஷ்டம் இருக்கற பக்கம்தான் ஜனங்க அதிகம் கொடுக்கத் தயாரா இருந்தாங்க. பொருளாதாரப்படி இது தப்பு, ஆனா மனுஷங்க அப்படித்தான். மைதானத்துல நோட்டுக் குத்தினவங்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களை யாரும் "பஸ் இருக்கே"ன்னு கேக்கறதில்ல. மோர்ப் பந்தல்தான் போடறாங்க. அந்த நடை யாருக்கோ பட்ட கடன்னு ஊருக்குத் தெரியும்.

என் கடனைச் சொல்லிடறேன். அத்தையோட கடைசி மூணு மாசத்துல நான் ரெண்டே தடவைதான் பொறையார் போனேன். செமஸ்டர், ப்ராஜெக்ட்னு காரணம் இருந்துச்சு. போனப்பவும் அரை நாள்ல பஸ் ஏறிட்டேன். "அடுத்த தடவை ரெண்டு நாள் இருந்துட்டுப் போடா"ன்னாங்க. அடுத்த தடவை அவங்க இல்ல. இதை 270 கிலோமீட்டர் மிதிச்சு அடைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா வாரத்துல மூணு நாள் காலையில நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும்போது, எழுந்திருக்க ஒரே காரணமா அவங்க ஞாபகம்தான் வருது. அப்ப கொடுக்காத நேரத்தை இப்ப கொடுக்கறேன். ஜி-பே அந்த நேரத்தை என்கிட்ட கேக்காது.

நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயைக் கலக்கிக்கிட்டே இருந்தான். அப்புறம், "எங்க தாத்தாவுக்கும் தொண்டையில கேன்சர்தான்டா"ன்னான். மூணு வருஷமா பக்கத்து சீட்டு, எனக்குத் தெரியாது. போன ஞாயிறு அவனும் வந்தான், ஓட்டை சைக்கிளோட, முட்டுக்காடு வரைக்கும். இப்ப நாங்க ஏழு பேர்.

மக்களே, உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பேர் இருந்தா எப்பவும் போல வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. காசு வேண்டாம், பேர் போதும். ஒரு நோட்டுல எழுதி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஹேண்டில்பார் பையில வெச்சுக்கிட்டுப் போறோம். தரங்கம்பாடி கடற்கரையில ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படிப்போம். படிச்சு முடிச்சுட்டு நான் மட்டும் இன்னும் மூணு கிலோமீட்டர் மிதிச்சுப் பொறையார் போறேன். இந்தத் தடவை ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம். பத்திரமா ஓட்டுங்க.